கரி எட்டாத அடுப்பு: ‘சென்ட்ரல் அமெரிக்கா’ ஏன் மூழ்கியது?

கேள்வி கேட்ட நண்பர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: “1857-இல் புயலில் மூழ்கிய ‘எஸ்.எஸ். சென்ட்ரல் அமெரிக்கா’ தங்கத்தின் பாரம் தாங்காமல் போனதாகச் சொல்கிறார்களே, உண்மையா? நீராவி எஞ்சின் இருந்தும் ஏன் தப்பிக்க முடியவில்லை?” முதல் பாதிக்கு ஒரு கணக்குப் போட்டாலே பதில் வந்துவிடும். அவர் மனதில் உறுத்துவது இரண்டாம் பாதி என்று நினைக்கிறேன். பாயும் உண்டு, எஞ்சினும் உண்டு. அப்படிப்பட்ட கப்பல், அனுபவமுள்ள கேப்டன் கையில் இருக்கும்போது, அமெரிக்கக் கரையோரத்து வழக்கமான தடத்தில் எப்படிச் செத்தது? நான் வரலாற்று ஆய்வாளன் இல்லை. 26 வருடம் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவன். அதனால் இந்தக் கதையை டெக்கிலிருந்து பார்க்காமல் பாய்லர் பக்கமிருந்து பார்க்கிறேன். அந்தச் சாய்வு என் பதிலில் இருக்கும்.

முதலில் தங்கம். சரக்குப் பட்டியலில் ஏறியிருந்த வணிகத் தங்கத்தின் அன்றைய மதிப்பு 12 லட்சம் முதல் 16 லட்சம் டாலர் வரை என்று வெவ்வேறு விதமாகச் சொல்கிறார்கள். பெரிய தொகையையே எடுத்துக்கொள்வோம். அப்போது ஒரு அவுன்ஸ் தங்கம் 20.67 டாலர். வகுத்தால் சுமார் 77,000 அவுன்ஸ், அதாவது 2,400 கிலோ வருகிறது. பயணிகள் இடுப்பில் கட்டியும் பெட்டியில் பூட்டியும் கொண்டுவந்த தங்கம் இதே அளவு என்று வைத்தாலும் மொத்தம் ஐந்து டன் தேறாது. அந்தக் கப்பலில் இருந்தவர்கள் 578 பேர். ஆளுக்கு 60 கிலோ என்றால் அவர்கள் உடல் எடை மட்டுமே கிட்டத்தட்ட 35 டன். எனவே தங்கப் பாரம் கப்பலை மூழ்கடித்தது என்பது வெறும் கதை. ராணுவத்துக்காக ரகசியமாக 15 டன் தங்கம் ஏற்றினார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. கடலடியிலிருந்து இதுவரை மேலே வந்ததில் அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அப்படியே இருந்திருந்தாலும், 85 மீட்டர் நீளமுள்ள கப்பலை அது மூழ்கடிக்காது.

கப்பலைப் பற்றிச் சுருக்கமாக. நியூயார்க்கில் வில்லியம் வெப் என்பவரின் தளத்தில் கட்டி 1852-இல் நீரில் இறக்கினார்கள். முதலில் அதன் பெயர் ‘ஜார்ஜ் லா’. மர உடல், மூன்று பாய்மரம், இருபுறமும் பெரிய துடுப்புச் சக்கரங்கள். கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்த காலம் அது. அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு ரயில் கிடையாது. சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஒரு கப்பலில் பனாமா வந்து, 1855-இல் திறந்த ரயிலில் நிலத்தைக் கடந்து, ஆஸ்பின்வால் துறைமுகத்தில் அடுத்த கப்பலேறி, ஹவானா வழியாக நியூயார்க் போக வேண்டும். இந்தக் கடைசிக் கட்டத்துக்குத்தான் இந்தக் கப்பல். 43 முறை போய்வந்து, தடம் நன்றாகப் பழகிய கப்பல் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேப்டன் வில்லியம் லூயிஸ் ஹெர்ன்டன் அமெரிக்கக் கடற்படை அதிகாரி. 1851-52-இல் அமேசான் ஆற்றை ஆய்வு செய்தவர். அரசுத் தபால் சுமக்கும் கப்பல்களுக்குக் கடற்படை அதிகாரிதான் கேப்டனாக இருக்க வேண்டும் என்று அப்போது விதி இருந்தது.

1857 செப்டம்பர் 8 அன்று ஹவானாவிலிருந்து கிளம்பினார்கள். நல்ல வானிலை. மறுநாளே காற்று பிடித்தது. 10-ஆம் தேதி சூறைக்காற்று. 11, வெள்ளிக்கிழமை, கப்பலுக்குள் தண்ணீர் ஏறுவது தெரிந்தது. 12, சனிக்கிழமை, இரவு 8 மணி வாக்கில் மூழ்கியது. தேதிகளில் யாருக்கும் சந்தேகமில்லை.

“புயல் வருவது தெரியாதா?” என்று கேட்கலாம். தெரியாது. அமெரிக்காவில் அரசு வானிலைச் சேவை தொடங்கியதே 1870-இல்தான். ஆனால் புயல் எப்படி நடந்துகொள்ளும் என்ற அறிவு அன்றைய மாலுமிகளிடம் கொஞ்சம் இருந்தது. அதில் ஒரு பங்கு நம் பக்கத்துக் கடலிலிருந்து போனது என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. ‘சைக்ளோன்’ என்ற சொல்லை உருவாக்கியவர் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன். வங்கக் கடலில் அடிபட்டுத் திரும்பிய கப்பல்களின் குறிப்பேடுகளைச் சேர்த்துப் படித்து, 1848-இல் மாலுமிகளுக்காக ஒரு கையேடு எழுதினார். அந்த அறிவின் சாரம் எளிது: பூமியின் வடபாதியில், காற்றுக்கு முகம் காட்டி நின்றால் புயலின் மையம் உங்கள் வலக்கைப் பக்கம். ஹெர்ன்டனின் மைத்துனர் மேத்யூ மோரி, கடற்காற்றுகளையும் நீரோட்டங்களையும் வரைபடமாக்கி உலகப் பெயர் வாங்கியவர். ஆக, ஹெர்ன்டனை விவரமில்லாத ஆள் என்று சொல்ல வழியில்லை. சங்கடம் என்னவென்றால், அந்தப் புயல் கரையை ஒட்டி வடக்கே நகர்ந்தது. கப்பலும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. அத்துடன், கப்பல் இருந்தது வளைகுடா நீரோட்டத்தின் மேல். அந்த ஓட்டம் வடகிழக்கு நோக்கிப் பாய்கிறது. காற்றோ வடகிழக்கிலிருந்து எதிர்த்து வீசியது. ஓட்டமும் காற்றும் எதிரெதிராக மோதும் இடத்தில் அலை நீளமாகப் புரளாது, குத்துக்குத்தாக எழும். சுவரில் மோதுவது போல இருக்கும். கடலில் போனவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

இனி எஞ்சின் ரூமுக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை கப்பல் செத்தது இங்கேதான், அதுவும் மூழ்குவதற்கு ஒரு நாள் முன்பே. நீராவிக் கப்பலில் எல்லாவற்றுக்கும் உயிர் பாய்லர் அடுப்பு. சக்கரம் சுழல்வதும், பம்ப் தண்ணீரை வெளியே இறைப்பதும் அந்த நீராவியால்தான். அடுப்புக்குக் கரியைக் கொண்டுபோய்ப் போடுவது மனிதர்கள். கிடங்கிலிருந்து தள்ளுவண்டியில் ஏற்றி, பாய்லர் முன்னால் கொட்டி, மண்வெட்டியால் அள்ளி வீச வேண்டும். இப்போது கப்பல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று வையுங்கள். காற்றும் தள்ளுகிறது, உள்ளே ஏறிய தண்ணீரும் தாழ்ந்த பக்கமே ஓடித் தேங்குகிறது. சாய்ந்த தளத்தில் தள்ளுவண்டி ஓடாது. வண்டியை விட்டுவிட்டுக் கூடையில் கையோடு கை மாற்றிக் கரி கொடுத்துப் பார்த்தார்கள். அடுப்பு தின்னும் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்கவில்லை. நீராவி அழுத்தம் இறங்கியது. அழுத்தம் இறங்கியதும் பம்ப் தளர்ந்தது. பம்ப் தளர்ந்ததும் தண்ணீர் ஏறியது. தண்ணீர் ஏறியதும் சாய்வு கூடியது. சாய்வு கூடியதும் கரி இன்னும் எட்டாமல் போனது. கவனியுங்கள், இந்தச் சக்கரம் ஒருமுறை சுற்றத் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்த ஒரு பிடியும் கிடைக்காது. கடைசியில் தண்ணீர் அடுப்பு வாயையே தொட்டது.

துடுப்புச் சக்கரக் கப்பலுக்கு இதில் கூடுதல் தண்டனை ஒன்று உண்டு. சாய்ந்த கப்பலில் ஒரு சக்கரம் ஆழமாக அமிழ்ந்து திணறும்; மறுபக்கத்துச் சக்கரம் காற்றில் வெறுமனே சுழலும். இருக்கிற கொஞ்சம் நீராவியும் வீணாகும், தலையை அலைக்கு நேராக வைத்திருக்கவும் முடியாது. தலை திரும்பிவிட்டால் கப்பல் அலைக்கு விலாவைக் காட்டி நிற்கும். பாயை வைத்துத் தலையைத் திருப்பப் பார்த்தார்கள். கட்டிய பாய் கிழிந்து போனது. முன் பாய்மரத்தை வெட்டித் தள்ளினார்கள். உள்ளே கட்டில்களையும் தடுப்புப் பலகைகளையும் உடைத்து அடுப்பு மூட்டிப் பார்த்தார்கள். பிடிக்கவில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஜூலை மாதம் ஞாபகம் வரும். அரபிக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்று, கப்பல் மூன்று நாளாக உருண்டுகொண்டிருந்தது. உருளலில் எண்ணெய்த் தொட்டியின் அடியில் வருடக்கணக்காகப் படிந்த கசடு கலங்கிக் கிளம்பி ஃபில்டரை அடைத்துவிட்டது. எஞ்சின் நின்றது. நின்ற சில நிமிடத்திலேயே கப்பல் தானாக அலைக்கு விலா காட்டியது. ஃபில்டர் மூடியில் எட்டு போல்ட். நிலத்தில் என்றால் பத்து நிமிட வேலை. அன்று ஒரு கையால் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மறுகையால் ஸ்பானர் பிடிக்க வேண்டியிருந்தது. கழற்றிய போல்ட்டை வாயில் கவ்விக்கொண்டேன், கீழே வைத்தால் ஓடிவிடும். 40 நிமிடம் ஆனது. எங்கள் கப்பல் இரும்பு, உள்ளே ஒரு சொட்டுக் கடல்நீர் இல்லை, வெளிச்சம் இருந்தது. இது எதுவும் இல்லாமல், முழங்கால் தண்ணீரில், அடுப்பின் புழுக்கத்தில், கூடையில் கரி கடத்திய ஆட்களை நினைத்துப் பார்க்கிறேன். ஹெர்ன்டனுக்கு நினைவுத்தூண் எழுப்பினார்கள், சரிதான். அந்தக் கரிக்காரர்களை நினைப்பவர் யாருமில்லை.

தண்ணீர் முதலில் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் உறுதியாகத் தெரியாத விஷயம். பிழைத்தவர்கள் அப்போதே ஆளுக்கொன்று சொன்னார்கள்: சக்கரத் தண்டு உடலைத் துளைத்து வெளியேறும் இடம் என்று சிலர், தாழ்ந்த பக்கத்துச் சாளரங்கள் என்று சிலர், பலகை இணைப்புகள் விட்டுக்கொடுத்தன என்று சிலர். மூன்றுமே நடக்கக்கூடியவை, மூன்றும் சேர்ந்தே நடந்திருக்கலாம் என்பது என் ஊகம். மரக்கப்பல் புயலில் முறுகும். முறுகினால் எல்லா இணைப்பும் கொஞ்சம் கொஞ்சம் வாய் திறக்கும். பெரிய ஓட்டை தேவையில்லை. பம்ப் ஓடாத கப்பலுக்குச் சிறு கசிவும் போதும்.

வெள்ளி பிற்பகலில் நீராவி போனபின், ஹெர்ன்டன் ஆண்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி வாளியால் இறைக்க வைத்தார். சுரங்கத்தில் மண்வெட்டி பிடித்துக் காய்ப்பு ஏறிய கைகள் அவை. இரவு முழுக்க இறைத்தார்கள். புதிதாகக் கல்யாணமாகித் தேனிலவுக்காகப் பயணம் செய்த அடலைன் ஈஸ்டன் என்ற பெண், தங்களுக்குக் கல்யாணப் பரிசாக வந்த ஒயினையும் பிஸ்கட்டையும் இறைப்பவர்களுக்குக் கொடுத்தார் என்று படித்திருக்கிறேன். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் பாஸ்டனைச் சேர்ந்த ‘மரைன்’ என்ற சிறிய பாய்க்கப்பல் கண்ணில் பட்டது. அதுவும் புயலில் நொறுங்கிப் போயிருந்தது. பக்கத்தில் நிற்க முடியாமல் விலகி விலகி மிதந்துகொண்டே போனது. மிஞ்சியிருந்த படகுகளில் பெண்களையும் குழந்தைகளையும் இறக்கினார்கள். அத்தனை பேரையும் இறக்கிவிட்டார்கள் என்பதுதான் இந்தக் கதையில் வியப்பு. ஐந்நூறு ஆண்கள், கையில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் பலர், படகு வந்து நிற்கும்போது பாய்ந்து ஏறாமல் நின்றார்கள். சும்மா நிற்கவில்லை, இறைத்துக்கொண்டே நின்றார்கள். ஏறக்குறைய நூறு பேர் ‘மரைன்’ போய்ச் சேர்ந்தார்கள்.

இருட்டிய பிறகு ஒரு படகு திரும்பி வந்தது. கப்பல் போகப்போவது தெரிந்ததால், கிட்டே வராதே, விலகிப் போ என்று ஹெர்ன்டன் அதைத் தடுத்தாராம். சீருடையை மாற்றிக்கொண்டு சக்கர மேடைமேல் நின்றார். தன் கடிகாரத்தை முன்பே ஒரு பயணியிடம் கொடுத்து மனைவியிடம் சேர்க்கச் சொல்லியிருந்தார். கப்பல் பின்புறம் முதலில் அமிழ்ந்து போனது.

நடு இரவு கடந்து ‘எலன்’ என்ற நார்வேக் கப்பல், மிதந்துகொண்டிருந்தவர்களின் நடுவில் வந்து சேர்ந்து, காலைக்குள் ஐம்பது பேர் வரை தூக்கியது. அதில் அடலைனின் கணவரும் ஒருவர். ஒரு பறவை வந்து மூன்று முறை முகத்தில் மோதியதால்தான் திசையை மாற்றினேன் என்று அதன் கேப்டன் சொன்னது அப்போது செய்தித்தாள்களில் பெரிதாகப் பேசப்பட்டது. புயலில் அலைக்கழிந்த பறவைகள் கப்பலில் வந்து விழுவதை நானே பார்த்திருக்கிறேன், அதனால் பறவையை நம்புகிறேன். காரணத்தை அவரவர் விருப்பத்துக்கு விடுகிறேன். இன்னும் மூன்று பேர் ஒன்பது நாள் கழித்து ஒரு படகில் உயிரோடு கிடைத்தார்கள். பிழைத்தவர்கள் 153, இறந்தவர்கள் 425 என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

1857-இல் அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்ததற்கு இந்தக் கப்பல்தான் காரணம் என்றும் பலர் எழுதுகிறார்கள். தேதியைப் பார்த்தால் அது நிற்காது. அந்தப் பீதியைத் தொடங்கிவைத்த ‘ஓஹியோ லைஃப்’ என்ற நிதி நிறுவனம் விழுந்தது ஆகஸ்ட் 24. கப்பல் ஆஸ்பின்வாலை விட்டது செப்டம்பர் 3. ஏற்கெனவே பீதியில் இருந்த நியூயார்க் வங்கிகள் காத்திருந்த தங்கம் வராமல் போனது நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. அக்டோபர் நடுவில் தங்கமாகப் பணம் தருவதையே நிறுத்தினார்கள். மூட்டியது கப்பல் இல்லை.

கப்பலைக் கண்டுபிடித்தது தனிக்கதை, ஆனால் ஒரு விஷயம் மட்டும். டாமி தாம்ப்சன் குழுவினர் 1988-இல் தென்கரோலினாவுக்கு அப்பால், சுமார் 2,200 மீட்டர் ஆழத்தில் அதைப் பிடித்தார்கள். எங்கே தேடுவது என்பதற்கு அவர்களிடம் இருந்தவை பிழைத்தவர்கள் வாக்குமூலமும் கடந்துபோன கப்பல்கள் சொன்ன இடக்குறிப்புகளும். அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. லாரன்ஸ் ஸ்டோன் என்ற கணிதவியலாளர் எதையும் தூக்கிப் போடாமல், ஒவ்வொரு வாக்குமூலத்தையும் எவ்வளவு நம்பலாம் என்று எடைபோட்டு, கடல்பரப்பு முழுவதையும் கட்டம் கட்டமாக நிகழ்தகவு வரைபடமாக்கினார். அடியில் மரப்பெட்டிகள் மக்கிப்போய், உள்ளே அடுக்கியிருந்த நாணயங்கள் அடுக்கு கலையாமல் அப்படியே நின்றன. அந்தப் படங்களை ஒருமுறை பாருங்கள். பிறகு வந்த இன்ஷூரன்ஸ் வழக்கு, தாம்ப்சன் தலைமறைவாகி 2015-இல் கைதானது எல்லாம் இந்தக் கேள்விக்கு வெளியே.

இன்றைய கப்பலுக்கு இது நடக்காது என்று நண்பரின் கேள்விக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். 2015 அக்டோபர் 1 அன்று ‘எல் ஃபாரோ’ என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் பஹாமாஸ் அருகே ‘ஹோக்கீன்’ சூறாவளியில் 33 பேருடன் மூழ்கியது. 1975-இல் கட்டிய, நீராவி டர்பைனில் ஓடிய கப்பல். சரக்கறைக்குள் தண்ணீர் ஏறிக் கப்பல் ஒருபக்கம் சாய்ந்தது. டர்பைனுக்கு மசகெண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாய் தொட்டிக்குள் ஓர் ஓரத்தில் இருந்தது. சாய்வில் எண்ணெய் மறுஓரம் போய்விட, குழாய் காற்றை உறிஞ்சியது. டர்பைன் நின்றது. தொட்டியில் எண்ணெய் இருந்தது, குழாய்க்கு எட்டவில்லை. கப்பல் அலைக்கு விலா காட்டித் திரும்பியது. பத்து மாதம் கழித்து, 4,600 மீட்டர் ஆழத்திலிருந்து அதன் குரல்பதிவுக் கருவியை எடுத்தார்கள். அந்த உரையாடலின் எழுத்து வடிவத்தை ஒரு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். எஞ்சின் ரூமிலிருந்து மேலே போன் வரும் இடங்களில் ‘எண்ணெய்’ என்று வருமிடத்தில் ‘கரி’ என்று மனதுக்குள் போட்டு வாசித்துப் பார்த்தேன். வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.